கத்தத் தெரியாத பெல்ட்

பழைய கார் ஒன்றை வாங்கிய பொன்னுரங்கம், முதல் வேலையாகச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். சீட்டுக்குப் புது உறை, பாட்டுக்குப் புது ஸ்பீக்கர். என்ஜினில் மூடிக்குப் பின்னால் இருட்டில் ஓடும், பற்கள் வைத்த டைமிங் பெல்ட்டுக்கு என்ன வயசு என்று மட்டும் விற்றவரிடம் கேட்கவில்லை.

வெளியே ஓடும் ஃபேன் பெல்ட் காலையில் வண்டியைக் கிளப்பினாலே கீச்சென்று கத்தும். ஒருநாள் அதை மாற்ற மெக்கானிக் வந்துவிட்டார். ஃபேன் பெல்ட், மூடிக்குப் பின்னால் இருந்த டைமிங் பெல்ட்டிடம் சொன்னது:

"அக்கா, எனக்குப் பதிலா புதுசு வந்தாச்சு. நான் கிளம்பறேன்."

"குடுத்து வெச்சவ! எனக்கும் உடம்பெல்லாம் வெடிச்சுப் போச்சுடி. யாராவது இந்த மூடியைத் திறந்து ஒரு தடவை பார்த்தா போதும்."

"கத்த வேண்டியதுதானே?"

"வழுக்கினாத்தானே கத்தறதுக்கு? நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடறவ."

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் மூடியின் திருகில் கை வைத்தார். "சார், டைமிங் பெல்ட்டையும் பார்த்துடலாமா?"

டைமிங் பெல்ட் வெளிச்சத்துக்காகக் காத்திருந்தது.

"அது சத்தம் போடுதா?"

"அது போடாது சார்."

"அப்புறம் என்ன? நல்லாத்தான் இருக்கு, விடுங்க."

மழைக்காலத்தில் ஒருநாள், மேம்பாலத்தின் நடுவில் அது அறுந்தது. என்ஜினும் போயிற்று. அன்றுதான் மூடியைக் கழற்றினார்கள். ஏங்கிக் கிடந்த வெளிச்சம், பிய்ந்து கிடந்த பற்களின் மேல் வந்து விழுந்தது.

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார்.

"இத்தனை நாள் வாயே திறக்காம இருந்துட்டு, திடீர்னு இப்படியா பண்ணும்?"