டம்மி பேசக்கூடாது

“என் மச்சான் இன்னும் எவ்வளவு நேரம்தான் யோசிப்பான்?” என்று பல் டாக்டர் கையிலிருந்த சீட்டுகளாலேயே விசிறிக்கொண்டார். எதிரணியில் உட்கார்ந்து பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் ஆடுகிற சர்வேயர் பதில் சொல்லவில்லை. அவர் யோசிக்க ஆரம்பித்தது வெயில் காலத்தில். இப்போது மழைக்காலமே முடியப்போகிறது.

யோசிக்க ஆரம்பித்த அன்றே, அதே நாற்காலியில், சீட்டுகளைக் கையில் பிடித்தபடியே சர்வேயர் இறந்துபோனார். அந்தச் சின்னத் தடங்கலைத் தவிர, ஆட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஞாயிறு சாயங்காலம் விளக்கைப் போட்டதும் அந்தக் காலி நாற்காலி முனகும். அறை சில்லிட்டுப்போகும். கோப்பையைக் கவிழ்த்தால் டீ கல்லாக விழுந்தது என்று டாக்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதில் பாதியைக் கழித்தாலும், மற்றவர் பல்லைப் பிடுங்குகிறவரின் சொந்தப் பல் தந்தியடித்தது உண்மை.

டாக்டரின் மனைவி, அதாவது சர்வேயரின் தங்கை, ஒருமுறை சீட்டுக்கட்டையே அடுப்பில் போட்டுப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு அதே சீட்டுகள் அதே வரிசையில் மேசைமேல் கிடந்தன, கொஞ்சம் புகை வாசனையோடு.

“அண்ணனுக்கு ஆட்டம் பாதியில நின்னுபோச்சு அண்ணி, அதான் அலையுறார். ஜெயிச்சுட்டா நிம்மதியா போயிடுவார். அப்புறம் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டார்.”

அண்ணி, அதாவது சர்வேயரம்மா, வாய் திறக்கவில்லை. அவர்தான் கணவருக்கு ஜோடி. இந்த ஆட்டத்தில் டம்மி. டம்மி தன் சீட்டுகளை மேசைமேல் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். ஜோடிக்காரர்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆடுவார். டம்மி இருமினால்கூடக் கோபித்துக்கொள்கிற குடும்பம் அது.

சிக்கல் இதுதான். டாக்டர் கையில் ஸ்பேட் ராஜா ஒளிந்திருக்கிறது. அதைப் பிடிக்க, மனைவியின் சீட்டுகளிலிருந்து ஸ்பேடைத் திரும்பத் திரும்ப ஆட வேண்டும். ஒரு சுற்றை எந்தக் கை ஜெயிக்கிறதோ, அந்தக் கையிலிருந்துதான் அடுத்த சீட்டு இறங்கும். மனைவியின் பக்கம் போக இருந்தது ஒரே வழி. அதில் சர்வேயர் போயும் சேர்ந்துவிட்டார். அங்கிருந்து ஜாக்கியை ஆடினால் அங்கேயே தங்கி, மறுபடி ஆடலாம். சின்னச் சீட்டான மூன்றை ஆடினாலோ, தன் கைக்கே திரும்பி வந்துவிடுவார். அப்புறம் அக்கரைக்குப் போக வழியே கிடையாது.

ஒவ்வொரு வாரமும் அவர் ஆடுவது மூன்று. தோற்பார். விளக்கு அணையும். அடுத்த ஞாயிறு எல்லாம் முதலிலிருந்து.

“கண்ணைக் கட்டிவிட்டாலும் நம்ம நாலு பேர் சீட்டையும் ஒப்பிப்பான், அவனுக்கா இது தெரியல?” என்றார் டாக்டர். “செத்தா மூளை மழுங்கிடும்போல.”

“நீங்க அந்த ராஜாவைத் தூக்கிப் போட்டுத் தொலைங்களேன். அண்ணன் கரையேறட்டும்.”

“உயிரோட இருந்தப்பவே நான் விட்டுக்கொடுத்ததில்ல. செத்ததுக்கு என்னடி சலுகை?”

தங்கை அண்ணியின் பக்கம் சாய்ந்தாள். “நான் தொண்டை கிழியக் கத்திப் பார்த்துட்டேன். எதிராளி பேச்சை அண்ணன் என்னைக்கு நம்பினார்? நீங்க சொன்னாத்தான் கேப்பார். ஒரே ஒரு வார்த்தை அண்ணி!”

சர்வேயரம்மா தலையை ஆட்டி மறுத்தார். ஆட்ட விதி ஒரு காரணம். அவர் சொல்லாத காரணம் இன்னொன்று. வாரம் முழுக்க, அவர் தனியாக இருக்கிற அந்த வீட்டில் சுவர்க்கடிகாரம் மட்டும்தான் பேசும். ஞாயிறு சாயங்காலம் மட்டும் அவர் நல்ல புடவை உடுத்தி, நான்கு கோப்பை டீ போடுவார்.

நாற்காலி முனகியது. ஜன்னல் திரை காற்றில்லாமல் உப்பி அடங்கியது. மேசைமேல் ஸ்பேட் ஜாக்கி தானாக ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்தது, நடுங்கியது, தன் இடத்துக்கே திரும்பியது. எல்லா வாரமும் இப்படித்தான். அப்புறம்தான் மூன்று கிளம்பும்.

“பாவம், தடுமாறுறார்” என்று தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சர்வேயரம்மா அந்த ஜாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் அவர் போய்விடுவார். சொல்லாவிட்டால், தனக்குத் துணை வேண்டும் என்பதற்காக இந்த மனிதரை எத்தனை மழைக்காலம் அலையவிடுவது?

மூன்று மெல்ல அசைந்தது. அவர் சட்டென்று அதைக் கையால் மூடினார். டாக்டர் வாயைப் பிளந்தார்.

“ஏங்க, ஜாக்கியை ஆடுங்க” என்றார் சர்வேயரம்மா, காலி நாற்காலியைப் பார்த்து. “நிம்மதியா போயிட்டு…” ‘வாங்க’ என்று அவர் முடிக்கவில்லை.

ஜாக்கி நகர்ந்தது. நின்றது. மறுபடியும் தன் இடத்துக்கே போய் ஒட்டிக்கொண்டது. பிறகு, அவர் விரல்களுக்கு அடியிலிருந்து மூன்று நைசாக நழுவிக்கொண்டு மேசை நடுவில் போய் விழுந்தது.

இத்தனை ஞாயிறுகளில் முதல் தடவையாக எதிர் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

“தெரியும்டி. மொத வாரமே தெரியும்.”