நாகையா நம்பிய ஒரே டாக்டர்

“அம்புட்டும் பொய்யி! கண்ணைச் சிமிட்டுறான், தலையை ஆட்டுறான், ஆனா ஆளே கெடையாது. பூராம் கம்ப்யூட்டர் பண்ற வேலை. இதை நம்புறவன் கேணப்பய!”

நாகையா இப்படித்தான். விஸ்வநத்தம் ஊருக்குள்ள யார் கையில செல்போனைப் பார்த்தாலும் நின்னு ஒரு பிரசங்கம் வச்சுட்டுத்தான் நகர்வார். பக்கத்து வீட்டு இருளம்மாள் ஏதோ வீடியோவைப் பார்த்து மூட்டுவலித் தைலம் வாங்கி ஏமாந்ததுல இருந்து, பேச்சு இன்னும் கூடிப்போச்சு.

அப்பேர்ப்பட்ட மனுசன், சாயங்காலம் பட்டாசுக் கம்பெனியில இருந்து வந்து குளிச்சதும் என்ன பண்ணுவார் தெரியுமா? சம்மணம் போட்டு உட்கார்ந்து, சென்னை டாக்டர் புகழேந்தியோட வீடியோவைப் பார்ப்பார்!

“வணக்கம் ஐயா. இன்னிக்குப் பாதத்தை நல்லாக் கழுவி, விரலிடுக்குல ஈரமில்லாமத் துடைச்சீங்களா?”

“துடைச்சிட்டேன் சார்”னு போனுக்கே பதில் சொல்வார் நாகையா.

அடுப்படியில நிக்கிற அவர் பொண்டாட்டி சண்முகத்தாய்க்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஏன்னா, அந்த டாக்டரைப் பெத்ததே அவதான்!

மக பானுப்பிரியாவுக்குச் சிவகாசியில காலண்டர் அடிக்கிற பிரஸ்ல டிசைன் வேலை. அவதான் ஏஐயில வெள்ளைக்கோட்டு, மூக்குக்கண்ணாடி, கணீர்க் குரல் எல்லாம் வச்சு டாக்டரை உண்டாக்கி, புது நம்பர்ல இருந்து அப்பா போனுக்கு அனுப்புவா. பேச்சு பூராவும் அம்மா சொல்லிக் கொடுக்கிறது.

“அம்மா, சென்னை டாக்டரு ‘எம்புட்டு’ன்னு பேச மாட்டாரும்மா.”

“சரி, மாத்திக்கோ. ஆனா மாத்திரைய மட்டும் மறக்காமச் சொல்லச் சொல்லு.”

வேற என்னதான் செய்யுறது? சர்க்கரை முத்தி மனுசனுக்கு வலது கால்ல புண்ணு. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சண்முகத்தாயைத் தனியாக் கூப்பிட்டு, “இப்படியே விட்டா விரலை எடுக்க வேண்டி வரும்”னு சொல்லிட்டாங்க. பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து ரூமுக்குள்ள செருப்புப் போடக் கூடாது. இவரானா புண்ணோட, வெறுங்காலோட தினமும் போய்க்கிட்டிருந்தார்.

“போகாதீக”ன்னா, “தீவாளி சீசன் நேரத்துல என்னைய வீட்ல உக்காரச் சொல்றியா? உன் சோலியப் பாரு!”ன்னு எரிஞ்சு விழுவார். மாத்திரை அலமாரியிலேயே கெடந்துச்சு. சண்முகத்தாய் அழாத நாளில்ல.

அப்பத்தான் வந்தார் டாக்டர் புகழேந்தி. டாக்டரம்மா சொன்னதையேதான் அவரும் சொன்னார். ஆனா என்ன மாயமோ, மாத்திரை நேரத்துக்கு உள்ள போச்சு. “கூச்சப்படாம போர்மேன்கிட்டச் சொல்லி அட்டைப்பெட்டி குடோனுக்கு மாத்திக்கங்க”ன்னு டாக்டர் சொன்ன மறுநாளே, நாகையா காலுல செருப்போட குடோன்ல உட்கார்ந்துட்டார். புண்ணும் ஆறி, தோல் மூட ஆரம்பிச்சுது.

அந்த நேரம் பார்த்தா வீட்டுக்கு வரணும், கூட வேலை பார்க்கிற பாண்டிச்செல்வம்!

“அண்ணே, உங்க டாக்டரத் தேடு தேடுன்னு தேடிட்டேன். யூடியூப்ல இல்ல, சென்னையில எந்த ஆஸ்பத்திரியிலயும் இல்ல. தலையப் பாருங்க, ஒரே மாதிரி ஆட்டுறாரு. அது ஏஐண்ணே! ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிட்டு நீங்களே ஏமாந்துட்டீகளே!”

அடுப்படியில நின்ன சண்முகத்தாய் காதுல அது விழுந்துச்சு. போச்சு. இனி மாத்திரையத் தூக்கி வீசிருவார். நாளைக்கே மறுபடியும் வெறுங்காலோட மருந்து ரூம்ல போய் நிப்பார்.

நாகையா அசரவே இல்ல. “போலே, போய் வேலையப் பாரு. அவரு நல்ல டாக்டரு.”

பாண்டிச்செல்வம் தலையில அடிச்சுக்கிட்டுப் போய்ட்டான். சண்முகத்தாய்க்குத் தாங்கல. பக்கத்துல வந்து உட்கார்ந்தா.

“ஏங்க, கோவிச்சுக்கிடாதீக. அந்த டாக்டரு வந்து...”

“நீதான்னு தெரியும்.”

“எப்ப இருந்து?”

“ரெண்டாவது வீடியோவுல இருந்தே. ‘சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோட எண்ணெய்ப் பரோட்டாக் கடைக்குப் போகாதீங்க’ன்னாரு. ஏ பிள்ள, சென்னையில எவன் வாராவாரம் சனிக்கிழமை சம்பளம் போடுறான்? நம்ம பட்டாசுக் கம்பெனியிலதான் போடுவான். ஆத்தாளும் மகளும் ஒலகம் பூராம் அப்படித்தான்னு நெனச்சுட்டீக!”

சண்முகத்தாய்க்கு வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. சேலை முந்தியால வாயைப் பொத்திக்கிட்டா.

“பொய்யின்னு தெரிஞ்சும் எதுக்குக் கேட்டீக? நான் நேர்ல சொன்னப்ப ஒரு நாளாவது கேட்டிருக்கீகளா?”

“உன் பேச்சைக் கேட்டா ஊர்ல என் கெத்து என்னாகுறது?” நாகையா சிரிச்சுக்கிட்டே, புண்ணு ஆறிவர்ற காலை மெதுவாத் தடவிப் பார்த்தார். அப்புறம் குரல் இறங்கிப்போச்சு.

“இந்தப் போன்ல வர்றவன் அம்புட்டுப் பேரும் என் சட்டைப்பையப் பாத்துல்ல பேசுறான். இந்தப் பொய் டாக்டரு ஒருத்தர்தான், பிள்ள, என் காலப் பாத்துப் பேசினாரு.”