ஈரல் பங்காளிகள்

காலை வெயில் சன்னல் வழியாக நுழைந்து கட்டிலில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மீதியில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் சாய்ந்திருக்கிறார். அவர் மனைவி ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிற்கிறாள். கல்லீரலில் இருந்த புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் நேற்றுச் சொன்னதிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அவள் சேர்ந்தாற்போல் ஒன்பது நிமிடம் பேசாமல் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. தூக்கத்தில்கூட யாரையாவது அதட்டிக்கொண்டுதான் இருப்பாள். நோயைக்கூடத் தாங்கிக்கொள்கிறார், இந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை. "என்னமோ அதிசயத்தப் பாக்குற மாதிரி பாக்குறியே. அதுவும் ஈரல், இதுவும் ஈரல். பங்காளிங்க. கீழ் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாடியில எட்டிப் பாக்காமப் போவானா?" அவள் படத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்க்கிறாள். "அதுவும் எப்படி வந்திருக்கான்? என் வண்டியிலயே, டிக்கெட் எடுக்காம..." இருமல் வந்து மீதியைப் பிடுங்கிக்கொள்கிறது. ஆக்ஸிஜன் குழாய் மூக்கைவிட்டு நழுவுகிறது. படத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து குழாயைச் சரியாக மாட்டி, முதுகை நீவிவிடுகிறாள். "மூச்சு விடவே வக்கில்ல, இதுல பேச்சு வேறயா? வாய மூடிக்கிட்டு மூக்கால இழுங்க. உங்களக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு இருக்கே..." ஆரம்பித்துவிட்டாள். ஏழு தெருவுக்குக் கேட்கும் குரல். எந்த உறுப்பு கைவிட்டாலும் காது இரண்டும் கல்லுக்குண்டாட்டம் இருக்கின்றனவே என்று கண்ணை மூடி மனசுக்குள் பெரிய கும்பிடாகப் போடுகிறார். அவள் சற்று ஓய்கிறாள். மறுபடியும் மௌனமா? அவர் ஒரு விரலால், யாருக்கும் தெரியாமல், குழாயைக் கொஞ்சம் நகர்த்திவிடுகிறார்.