காத்துப் பிடிக்கிற இடம்

"பைக் வச்சிருக்கவன் ராஜா" என்பார் அப்பா. பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிற்க வேண்டாம், ரெண்டு பஸ் மாற வேண்டாம், லாரிகளுக்கு நடுவில் சந்து கிடைத்தால் போதும், வேலை முடிந்த அரைமணியில் வீடு.

"ராஜாவும் ராணியும்தான் தினமும் கடைசியா போய் நிக்கிறோம்" என்பாள் அம்மா.

உண்மைதான். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டைக் கம்பெனி. அம்மா செக்கிங், அப்பா மெக்கானிக். சீக்கிரம்தான் கிளம்புவார்கள். ஆனால் மேம்பாலத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அங்கே காத்துப் பிடிக்கிற இடத்தில் அப்பா தினமும் வண்டியை நிறுத்திவிடுவார்.

முன் டயரைப் பார்ப்பார், பின் டயரைப் பார்ப்பார், மறுபடி முன் டயர். அம்மா ரெண்டு சாப்பாட்டுப் பையையும் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும்.

அப்புறமாவது வேகமாகப் போவாரா? பாலத்தில் ஓரமாக உருட்டுவார். சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவான். அப்பாவின் கண் ரோட்டில் பாதி, சைடு கண்ணாடியில் பாதி.

"என்னத்தைத்தான் பார்க்கறீங்க? இருக்கற நாலு முடியும் பறந்துடுச்சான்னா?"

அப்பா கண்ணாடியை இன்னும் கொஞ்சம் திருப்பி வைப்பார்.

மணி அடித்தபின் கேட்டில் மாட்டிக்கொள்கிற நாளில் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டுவார். அவரும் இவர்களுக்குப் பின்னாலேயேதான் வந்து இறங்குவார். ஆனால் அவர் லேட்டாக வந்தால் அதற்குப் பேர் ரவுண்ட்ஸ். தினமும் நாலைந்து குடோனுக்கு பைக்கில் அலைகிற வேலை. போன வருஷம் அதே பாலத்தில் லாரி இடித்து விழுந்து, காலில் பிளேட் வைத்தார்கள். தேறி வந்ததும், ஒண்ணுமே ஆகாதது மாதிரி பைக்கில்தான் வந்து இறங்கினார். இல்லையென்றால் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்திருக்கும்.

அப்பா அந்தத் திட்டைத் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பார். அம்மாவும்தான்.

இந்த மாசம் அம்மாவுக்கு அது தாங்கவில்லை. செக்கிங் பிரிவுக்குத் தலைமை போட ஆள் தேடினார்கள். அம்மாவுக்குத்தான் என்று பேச்சு. மூன்று தடவை லேட்டானால் கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ரெண்டு ஆகிவிட்டது.

அன்று ராத்திரி அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் உங்களுக்கு மேல போயிடுவேன்னுதானே இப்படிப் பண்றீங்க?"

அப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. கையைக் கழுவப் போய்விட்டார். எனக்கே அவரைப் பிடிக்கவில்லை.

மறுநாள் அப்பாவுக்கு நல்ல காய்ச்சல். அம்மா சாவியை எடுத்தாள். அப்பாவைவிட நன்றாகவே ஓட்டுவாள்.

"பங்க்ல காத்து பார்த்துட்டுப் போ" என்றார் அப்பா, போர்வைக்குள்ளிருந்து.

"நேத்துதானே பார்த்தீங்க. ஒரு நாள்ல டயர் ஒண்ணும் செத்துடாது."

அன்றைக்கு லேட்டாகவே கூடாது என்றுதான் போனாள். பங்க்கில் நிறுத்தவில்லை. எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரமாக சூப்பர்வைசர் வண்டியில் உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இவருக்கு முன்னால் போய் நிற்கலாம் என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

பாலத்தில் ஏறப்போகும்போது கண்ணாடியில் பார்த்தாள். அவர் இன்னும் அங்கேயேதான் இருந்தார். முன் சக்கரத்தை ரோட்டுக்கு நகர்த்தினார். ஒரு லாரி போனது. காலாலேயே வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மறுபடி நகர்த்தினார், மறுபடி இழுத்துக்கொண்டார். அப்புறம் பங்க்கைப் பார்த்தார். காத்துப் பிடிக்கிற இடத்தை.

அங்கே யாரும் இல்லை.

அம்மா வண்டியை ஓரம் கட்டினாள். இப்போது போனால் நேரத்துக்குப் போய்விடலாம். கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டு இருந்தாளாம். பிறகு திருப்பினாள்.

பங்க்கில் போய் முன் டயரிடம் குனிந்தாள். காத்து சரியாகவே இருந்தது. பின் டயரிடமும் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவர் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

பாலத்தில் அம்மா ஓரமாக உருட்டினாள். கண்ணாடியில் ஒரு ஹெட்லைட் அவள் பின்னாலேயே வந்தது, கடைசிவரைக்கும்.

கேட்டில் மூன்றாவது லேட் விழுந்தது. பின்னாலேயே வந்து இறங்கினார் சூப்பர்வைசர்.

"இன்னைக்கு அவர் வரலையேம்மா. இன்னைக்கு என்ன சாக்கு?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் ஹெல்மெட் வாரை மூன்று தடவை இழுத்தும் கழற்ற முடியவில்லை. அம்மா தரையைப் பார்த்தாள்.

"காத்து கம்மியா இருந்துச்சு சார்."

மத்தியானம் அந்தப் பதவியை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அம்மா வந்ததும் அப்பா பதவியைப் பற்றிக் கேட்கவில்லை.

"காத்து பார்த்தியா?"

"பார்த்தேன்." அம்மா கட்டிலில் அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார்.

"சொல்லியிருந்தா, அவர் கேட்ல நம்மளத் திட்டும்போது நீ தலையக் குனிஞ்சிருக்க மாட்ட."