வீட்டை கூட்டிக்கொண்டு போகட்டாம்

பல நாட்டவர் வேலை செய்யும் கம்பனிகளில் ஒருவரை ஒருவர் எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் லண்டன் பல்கலைக்கழகமொன்றில் அனுஜன் நடத்தும் பாடம். சிறுவயதிலேயே கொழும்பை விட்டுப் போனவனுக்குச் சிங்களம் அடியோடு மறந்துபோயிருந்தது.

நோயாளியான அப்பாவைப் பார்க்க அவன் வந்திருந்த கொழும்பு ஆஸ்பத்திரியில், கட்டிலருகே நேர்ஸ் வந்து, அம்மாவிடம் சிங்களத்தில் மெதுவாகக் கதைத்துவிட்டுப் போனாள்.

“என்னவாம் அம்மா?”

“அப்பாவை வீட்டை கூட்டிக்கொண்டு போகட்டாம்.” அம்மா சிரித்தாள். “நீ இண்டைக்கே வெளிக்கிடு. பேராசிரியர் வேலை இன்டர்வியூவை விட்டிடாத.”

அவனுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு லண்டனுக்கு விமானம் ஏறினான்.

பதவி கிடைத்ததைச் சொல்லக் கொழும்பில் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு அழைத்தபோது, சித்தப்பா மகள் நிலூஷா போனை எடுத்தாள். பின்னால் செபம் கேட்டது.

“பெரியப்பாவை அடக்கம் செய்திட்டு இப்பதான் வந்தனாங்கள், அண்ணா.”

“சுகமெண்டுதானே வீட்டை போக விட்டவை?”

“இல்லை அண்ணா. இனிச் செய்ய ஒண்டுமில்லை, கடைசி நாளை வீட்டில கழிக்கட்டுமெண்டு விட்டவை. உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு பெரியம்மா எங்களிட்டச் சத்தியம் வாங்கினவ.”

“அம்மா எங்க?”

“பக்கத்திலதான் இருக்கிறா. வேலை கிடைச்சதோ எண்டு கேக்கிறா.”