திருப்பி அனுப்பியவர்

"கிரீம் கேக் இன்னைக்கு வேண்டாம்மா. அடுத்த தெருக் கடையில பாருங்க."

வந்த பெண் ஒருமாதிரி பார்த்துவிட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சொன்னது பக்கத்துக் கடைக்காரர் இல்லை. பேக்கரிக்காரியின் சொந்த மாமனார்.

உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த மருமகளுக்குக் காதில் விழுந்தது.

பார்த்த வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்த கடை. 'ஒரு தடவை வந்தவரை மறுபடி வரவைப்பதுதான் வியாபாரம்' என்று சுயதொழில் வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னார்கள். இங்கே முதல் தடவையே விரட்டுகிறார்.

சாமான் வாங்குவதும் கிரீம் வேலையும் கணவன் பொறுப்பு. அவனிடம் சொன்னாள்.

"மருமக கடை நடத்துறது அவருக்குப் பிடிக்கல, விடு" என்றான்.

மறுநாள் ஒரு டீச்சர், வகுப்புக்கு மொத்தமாக கிரீம் பன் கேட்டு வந்தார். மாமனார் கெஞ்சாத குறையாக அவரையும் திருப்பி அனுப்பினார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, இனிமே நீங்க கடைப்பக்கமே வர வேண்டாம். என் பிழைப்புல மண்ணைப் போடாதீங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தெருமுனை வரை ஓடி டீச்சரைப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி ஆர்டரை வாங்கினாள். அந்த மகிழ்ச்சியோடு கிரீம் எடுக்கப் பின்னறைக்குப் போனாள்.

டப்பாவில் கிரீமின் மேல் படிந்திருந்த பூஞ்சையைக் கணவன் கரண்டியால் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தான். மிச்சத்தில் எசன்ஸை ஊற்றிக் கலக்கினான்.

"என்னங்க இது?"

"கெட்டதையெல்லாம் கொட்டிக்கிட்டிருந்தா கடை நடத்த முடியுமா?" என்றான், நிமிராமலே.

அப்படியே வீட்டுக்கு ஓடினாள். மாமனார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தெரிஞ்சுதான் திருப்பி அனுப்பினீங்களா மாமா?"

"சின்னப் பிள்ளைங்க தின்னுறதாச்சேம்மா. மனசு கேக்கல."

"வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் மாமா. மனசுல வச்சுக்காதீங்க."

சொல்லிவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

"நேத்து உங்க கண்ணு முன்னாடியே நம்ம தபால்காரர் கிரீம் பன் வாங்கிட்டுப் போனாரே. கோடி வீட்டு அக்கா வாங்கினாங்களே. அவங்ககிட்ட ஏன் மாமா ஒண்ணும் சொல்லல?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன இருந்தாலும், அவன் என் பிள்ளைம்மா."