இருபத்தைந்தாவது நாற்காலி

கண்மணி வகுப்பறை வாசலில் நிற்கிறாள். ஜெர்மனியின் ஹம் நகரில், முதியோர் இல்லமொன்றில் ஆறு வருடமாக உதவியாளராக வேலை செய்பவள். தாதிப் பயிற்சியில் சேர இந்த உடற்கூற்றியல் வகுப்பை முடித்தாக வேண்டும். போன வருடமும் இடமில்லாமல் வாசலோடு திரும்பியவள். கதவில் ஒட்டியிருக்கும் பட்டியலில் இருபத்துநான்கு பெயர்கள், அவளுடையது இல்லை. உள்ளே காலை வெயிலில் மேசைகள் பளபளக்கின்றன, நாற்காலிகள் தரையில் கிறீச்சிடுகின்றன. ஆசிரியை அவளைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். பிறகு கையையும் அசைத்து, ஜெர்மன் மொழியில் கடகடவென்று ஏதோ சொல்லிவிட்டு வெளியே போகிறார். கண்மணி வாசலருகே முன்வரிசையில் இருக்கும் சென்னைப் பெண் ஹரிப்ரியாவிடம் குனிகிறாள். “தங்கச்சி, என்னைப் போகச் சொன்னவவோ, நிக்கச் சொன்னவவோ?” “கிளாஸ் ஃபுல்லுன்னாங்க அக்கா. கொஞ்சம் இருங்கன்னும் சொன்னாங்க. எனக்கே குழப்பமா இருக்கு.” ஆசிரியை ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு திரும்பி வருகிறார். கைகழுவும் தொட்டியோரம் அதைப் போட்டு, அதன் முதுகைத் தட்டுகிறார். இன்றைக்கு மட்டுமா, கடைசி வரைக்குமா? முதியோர் இல்லத்தில் பழகிய ஜெர்மன் இதைக் கேட்கப் போதவில்லை. “ஓம்,” என்று தன் ஊர்த் தமிழிலேயே ஆமோதிக்கிறாள் கண்மணி. ஆசிரியை புரிந்ததுபோலச் சிரிக்கிறார். எலும்புக்கூடு அச்சிட்ட தாள்கள் கைமாறி வருகின்றன. கடைசித் தாள் அவளுக்கு. பென்சிலை எடுத்தவள், அதை வைத்துவிட்டுப் பேனாவால் தன் முழுப் பெயரை எழுதுகிறாள்.